கத்தோலிக்கர் மீதான அச்சமும் நாம் மறந்துபோன ஒரு வரலாறும்

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. ஜாவத்தைப் பள்ளியில் ஜும்ஆவை முடித்துக்கொண்டு ஹெவ்லொக் டவுனில் உள்ள வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். ஈஸ்டர் தாக்குதலின் நினைவுதினம் நெருங்கும்போது எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். நானாவின் மகன் அதைக் கவனித்திருக்க வேண்டும். வழியில் திடீரென்று கேட்டான்: "சாச்சா, இந்த நாட்டுல கத்தோலிக்க ஆக்கள நம்மளப் போல யாரும் எப்பவும் சந்தேகிச்சதில்ல தானே?"

"சந்தேகிச்சிருக்காங்க மகன். அதுவும் நம்மட ஆள் ஒருத்தர் கல்வி அமைச்சரா இருந்த காலத்துல" என்றேன். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான். வீதியில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல அது. அவனுக்குச் சொன்னதையும், அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் தூரம் போக வேண்டும். கத்தோலிக்கர் மீதான அச்சம் ஓர் அரசின் சட்டங்களையே எழுதிய நாடு இங்கிலாந்து. இந்த அச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கேதான் மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

1534இல் எட்டாம் ஹென்றி ரோமிலிருந்து பிரிந்து, தானே திருச்சபையின் தலைவர் என்று அறிவித்தார். அவரது மகள் மேரி கத்தோலிக்கத்தை மீட்க முயன்று, 1555 முதல் 1558 வரை 280 பேரளவில் புரட்டஸ்தாந்துக்காரரை உயிரோடு எரித்தார். அந்த நினைவு ஆறவில்லை. அடுத்து வந்த எலிசபெத்தை 1570இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் திருச்சபையிலிருந்து விலக்கி, அவருக்குப் பிரஜைகள் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அந்த ஒரு பத்திரத்தோடு இங்கிலாந்திலிருந்த ஒவ்வொரு கத்தோலிக்கரும் சந்தேகநபரானார். உன் விசுவாசம் இலண்டனுக்கா, ரோமுக்கா என்ற கேள்வி பிறந்தது. 1585ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டில் பயிற்சி பெற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர் நாட்டுக்குள் இருப்பதையே தேசத்துரோகம் ஆக்கியது. அவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை. 1588இல் ஸ்பெயினின் போர்க்கப்பல்கள் வந்தன. 1605இல் கய் ஃபோக்ஸும் கூட்டாளிகளும் பாராளுமன்றத்தின் அடித்தளத்தில் வெடிமருந்துப் பீப்பாய்களைப் பதுக்கிப் பிடிபட்டார்கள்.

அந்தச் சதி உண்மை என்பதை மறைக்கத் தேவையில்லை. அதைச் செய்தவர்கள் கத்தோலிக்கர்கள்தான். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தலைமைக் குருவே அதைக் கண்டித்தார். ஆனாலும் அடுத்த ஆண்டே எல்லாக் கத்தோலிக்கருக்கும் பொதுவாக ஒரு விசுவாசச் சத்தியப்பிரமாணம் கொண்டுவரப்பட்டது. நவம்பர் 5ஆம் திகதி அரசு கொண்டாடும் நாளாயிற்று. நடந்த ஒரு குற்றம், அதன்பின் நடக்காத நூறு குற்றங்களை நம்பவைத்தது. 1666இல் இலண்டன் நகரம் பேக்கரி ஒன்றில் பிடித்த தீயினால் எரிந்தது. அந்தத் தீயின் நினைவுத்தூணில் 1681இல், இதற்குக் கத்தோலிக்கரின் வெறியே காரணம் என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்துப் பொறித்தார்கள். அது 1830இல்தான் அகற்றப்பட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுபவர் டைட்டஸ் ஓட்ஸ். இயேசு சபையினரின் கல்லூரிகளில் படித்து, விலக்கப்பட்டவர். 1678இல் அவர் ஒரு கதையோடு வந்தார்: அரசர் இரண்டாம் சார்ள்ஸைக் கொல்ல இயேசு சபையினர் திட்டமிட்டிருக்கிறார்கள். அத்தனையும் பொய். ஆனால் அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த நீதவான் அதே ஆண்டு ஒக்டோபரில் பிணமாகக் கிடந்தார். அது யார் செய்த கொலை என்பது இன்றுவரை தீராத கேள்வி. அன்றைய இலண்டனுக்கோ அது கேள்வியாகவே இருக்கவில்லை. குருமாரும் பொதுமக்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆர்மாக் பேராயர் ஒலிவர் பிளங்கெட் 1681இல் தூக்கிலிடப்பட்டார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலிருந்தும் சட்டத்தால் விலக்கப்பட்டார்கள். 1685இல் ஓட்ஸ் பொய்ச்சாட்சி சொன்னவர் என்று தண்டிக்கப்பட்டார். பொய் அம்பலமாக ஏழு வருடம் எடுத்தது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வந்த சட்டம் நீங்க 1829 வரை, அதாவது ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது.

அரசியல்வாதிகளுக்கு இந்த அச்சம் பெரிய முதலீடு. அரசரின் கத்தோலிக்கத் தம்பியை வாரிசுரிமையிலிருந்து நீக்கவேண்டும் என்ற இழுபறியில்தான் விக், டோரி என்ற கட்சிப் பெயர்களே நிலைத்தன. இன்றும் பிரித்தானியச் சிங்காசனத்தில் ஒரு கத்தோலிக்கர் அமர முடியாது. 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பகுதி இன்னும் உயிரோடிருக்கிறது.

இனி கொழும்புக்கு வருவோம்.

இங்கே போர்த்துக்கீசரைப் பற்றிச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் எமது வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்த அதே கப்பல்கள்தான் 1526இல் எமது மூதாதையரைக் கொழும்பிலிருந்து வெளியேற்றும் உத்தரவையும் கொண்டுவந்தன. 1626இல் மீண்டும் வெளியேற்றம். அப்போது கண்டி மன்னன் செனரத் சுமார் 4000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இதெல்லாம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நாம் வாசிப்பதில்லை.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்துக்காரர், ஆங்கிலேயர் ரோமை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தவர்கள். இலங்கையின் ஒவ்வொரு கத்தோலிக்கனும் அவர்கள் கண்ணுக்குப் போர்த்துக்கீசரின் உளவாளி. 1658 செப்டெம்பரில் வந்த கட்டளைப்படி கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. இங்கிலாந்தின் 1585ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திருமணமும் பிள்ளையின் பெயரும் ஒல்லாந்தத் திருச்சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும். பதிவில்லாவிட்டால் சொத்துரிமையும் சிக்கல், அரசாங்க வேலையும் இல்லை. ஆகவே பலர் பதிவேட்டில் ஒரு மதமாகவும் வீட்டுக்குள் இன்னொரு மதமாகவும் வாழ்ந்தார்கள்.

1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் என்ற குரு கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். ஒல்லாந்தரிடமிருந்து தப்பி 1692இல் கண்டிக்குப் போனார். அங்கும் போர்த்துக்கீச உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பின்னர் உண்மை தெரிந்து பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நடமாடவிட்டான். 1711இல் கண்டியிலேயே மரணித்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தது இவரைத்தான். அன்று கொழும்பே ஸ்தம்பித்தது பலருக்கு ஞாபகமிருக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மரபுக் கதையும் இதே காலத்துக்குரியதுதான்: ஒல்லாந்தருக்கு மறைந்து வாழ்ந்த ஒரு குரு, பகலில் மீன் வியாபாரி, இரவில் பூசை. பயந்து ஒளிந்த ஒரு சமூகத்தின் நினைவிலிருந்து எழுந்த கோயில் அது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே குண்டு வெடித்தபோது, அந்தக் கோயிலின் கதை எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒல்லாந்தர் எம்மையும் விட்டுவைக்கவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடோ காணியோ சொந்தமாக வைத்திருக்க முடியாது. அந்தத் தடை 1832 வரை நீடித்தது. கண்டி இராச்சியம் மட்டும் இரு சாராருக்கும் இடம் கொடுத்தது. ஆங்கிலேயர் வந்தபின் 1806இல் ஆளுநர் மெயிட்லண்டின் காலத்தில் கத்தோலிக்கருக்கு முழு மதச் சுதந்திரம் வழங்கும் ஒழுங்குவிதி வந்தது. இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குக் கிடைப்பதற்கு 23 வருடங்களுக்கு முன்னரே! அதே 1806இல், அதே ஆளுநரின் கீழ்தான், எமது முஹம்மதியச் சட்டக்கோவையும் வெளியானது. கத்தோலிக்கரின் விடுதலைப் பத்திரமும் எமது தனியார் சட்டத்தின் முதல் பத்திரமும் ஒரே வருடத்தவை. இதை ஏன் யாரும் எமக்குப் பாடசாலையில் சொல்லித் தரவில்லை என்று நான் யோசித்ததுண்டு.

1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் ஒன்று புனித லூசியா பேராலயத்தின் சுற்றாடலில் தாக்கப்பட்டது. கன்னி மரியாளை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் வருகின்றன என்ற வதந்திதான் பொறி. இங்கே பயந்தவர்களும் தாக்கியவர்களும் கத்தோலிக்கர். நியாயம் கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் கோபத்தைச் சுமந்துகொண்டுதான் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குப் போனார். 1885இல் வெசாக் பொதுவிடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி உருவானதும் அதே ஆண்டில்தான்.

அந்தக் கோபம் சுதந்திரத்துக்குப் பிறகு பாடசாலைகளின் பக்கம் திரும்பியது. இந்தப் பகுதியை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கோபத்தின் ஒரு பாதி நியாயமானது.

அரசாங்கப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் பெற்ற உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பங்கு கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. அதில் படித்த பிள்ளைகளில் பலர் பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள். அரச உயர் பதவிகளுக்கும் பொலிஸ், இராணுவ அதிகாரத்துக்கும் வழி அந்த வகுப்பறைகளினூடாகவே போனது. எமது பெரியார்கள் இதை எப்போதோ உணர்ந்தார்கள். சித்தி லெப்பை எழுதியதும், மருதானையில் 1892இல் ஸாஹிரா உருவானதும் பிள்ளைகளை மிஷனரிப் பாடசாலையின் வாசலில் விட்டுவிட்டு ஈமானைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான். 1954இல் அகில இலங்கை பௌத்த காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு, 1956 பெப்ரவரி 4ஆம் திகதி தன் அறிக்கையை வெளியிட்டு, உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றது.

1960 ஜூலையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத்: மாத்தறையில் பிறந்து, அலிகாரில் படித்து, கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். அவர் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் 1960 டிசம்பர் 1ஆம் திகதி முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவிபெறும் பாடசாலைகள் அரசின் நிர்வாகத்துக்கு வந்தன. உதவிப்பணமும் வேண்டாம், கட்டணமும் அறவிடமாட்டோம் என்று சில பெரிய பாடசாலைகள் மட்டும் வெளியே நின்றன. 1961இல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ் கட்டடங்களும் காணிகளும் அரசுடைமையாயின.

கத்தோலிக்கப் பெற்றோர்கள் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கினார்கள். எங்கள் உம்மா அப்போது கொட்டாஞ்சேனையில் சிறுமி. பக்கத்துக் கன்னியர் மடப் பாடசாலையின் வகுப்பறையில் பெண்கள் பாய் விரித்துப் படுத்ததையும், ஜெபமாலைச் சத்தம் வீதிவரை கேட்டதையும் கடைசிவரை சொல்லுவார். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிரேஷியஸ் வந்து சமரசம் செய்த பின்னர்தான் அந்தப் போராட்டம் தணிந்தது.

பாடசாலைச் சட்டத்தில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. எமது முஸ்லிம் அரச பாடசாலைகள், நோன்பு கால விடுமுறையோடு கூடிய தனி நாட்காட்டி, ஆயிரக்கணக்கான முஸ்லிம் ஆசிரியர்கள் எல்லாம் அந்த நிலத்தில் முளைத்தவை. எனக்குள்ள சிக்கல் அந்தச் சட்டத்தைச் சுற்றி வளர்ந்த பேச்சோடுதான். அக்காலத்தில் எல்லா மேடைகளிலும் அடிபட்ட சொல் 'கத்தோலிக் எக்ஷன்', கத்தோலிக்கச் செயற்பாடு. பாப்பரசர் பதினோராம் பயஸ் ஊக்கப்படுத்திய, சாதாரண விசுவாசிகளின் சமூகப் பணிக்கு உலகெங்கும் இருந்த பெயர் அது. இங்கே அது ஓர் இரகசியப் படையின் பெயராக மாறியது. அரச திணைக்களத்தில் ஒரு கத்தோலிக்க எழுதுவினைஞர் பதவி உயர்ந்தால் கத்தோலிக் எக்ஷன். பத்திரிகை ஒன்று அரசை விமர்சித்தால் கத்தோலிக் எக்ஷன். ஆனந்தா கல்லூரியின் முன்னாள் அதிபர் எல். எச். மெத்தானந்தவின் பௌத்த ஜாதிக பலவேகய இதைப் பற்றித் துண்டுப்பிரசுரங்களே வெளியிட்டது. சனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்கள் நாட்டை விழுங்கப்போகிறார்கள். கட்டளை வத்திக்கானிலிருந்து வருகிறது. 'கத்தோலிக்' என்ற இடத்தில் 'வஹாபி' என்றும், 'வத்திக்கான்' என்ற இடத்தில் 'சவூதி' என்றும் போட்டு வாசித்துப் பாருங்கள்.

பிறகு அவர்களுக்கும் ஒரு வெடிமருந்துச் சதி வாய்த்தது. 1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் போட்ட திட்டம், அதில் சம்பந்தப்பட்டிருந்த ஒரு பொலிஸ் அதிகாரி மூலம் வெளியே கசிந்து கடைசி நேரத்தில் முறியடிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் இருந்தார்கள்; மதத்தால் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அவர்களில் கத்தோலிக்கரல்லாதோரும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பாராளுமன்றம் அந்த 24 பேருக்காகவே முன்தேதியிட்டு ஒரு சட்டம் செய்தது. பிடியாணையின்றித் தடுத்துவைத்ததைச் செல்லுபடியாக்கியது. சாட்சிய விதிகளைத் தளர்த்தியது. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் விசாரிக்கச் சொன்னது. 1965இல் 11 பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட சிலரை நோக்கிச் செய்யப்பட்ட இந்தச் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று கூறி 11 பேரையும் விடுவித்தது. சட்டக்கல்லூரி மாணவர்கள் லியனகே வழக்கு என்று இன்றும் படிப்பது இதைத்தான். சதி பொய்யென்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. பயத்தில் எழுதிய சட்டம் சட்டமாகாது என்றுதான் நான் அந்தத் தீர்ப்பை விளங்கிக்கொள்கிறேன்.

வழக்கு தோற்றாலும் சந்தேகம் தோற்கவில்லை. படைகளில் ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் அதன் பிறகு சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தன. 1964இல் பௌத்தரான றிச்சர்ட் உடுகம இராணுவத் தளபதியானார். வேடிக்கை என்னவென்றால், 1966இல் இன்னொரு சதிக் குற்றச்சாட்டில் அந்த உடுகமவே ஒரு பௌத்த தேரரோடு சேர்த்துக் கைதானார். பின்னர் அவர்கள் விடுதலையானார்கள். அப்போது எவரும் 'புத்திஸ்ட் எக்ஷன்' என்று ஒரு சொல்லை உருவாக்கவில்லை. பெரும்பான்மையைச் சேர்ந்தவர் மீது குற்றம் சுமத்தினால் அது அவரோடு முடிந்துவிடுகிறது. சிறுபான்மை என்றால் பெயர்ப்பட்டியல் நீளும்.

எமது பட்டியல் எப்படி நீண்டது என்பதை நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஹலால் இலச்சினை, அளுத்கம, திகன. பிறகு உண்மையான ஒரு கொடூரம், எமது பெயரை வைத்துக்கொண்டவர்கள் செய்தது. ஸஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள். ஆனாலும் 2019 மே மாதத்தில் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும். அதே மாதம் ஒரு சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கம், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4000 தாய்மாரைக் கருத்தடை செய்ததாகச் சொன்னது. விசாரித்தவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு டைட்டஸ் ஓட்ஸைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆச்சரியம் குறைந்திருக்கும். 2020இல் எமது ஜனாஸாக்களை எரித்தபோது, அரசாங்கம் காட்டிய காரணம் நிலத்தடி நீர்.

இத்தனையையும் நானாவின் மகனுக்குச் சொல்லி முடித்தபோது அஸர் நேரம் நெருங்கிவிட்டது. அவன் இங்கிலாந்தைப் பற்றியோ ஒல்லாந்தரைப் பற்றியோ கேட்கவில்லை.

"அந்தப் பாடசாலைகள எடுத்த நேரம், நம்மட வீட்டுல என்ன சொன்னாங்க?"

உம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, பத்திரிகையில் பதியுத்தீன் மஹ்மூதின் படத்தைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டாராம். கத்தோலிக் எக்ஷனுக்கு நல்ல பாடம் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். அடுத்த வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தோடு அந்த வருடம் நத்தார் கேக் தட்டு வரவில்லையாம். அதற்கடுத்த வருடமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உம்மா கேட்டதற்கு, அவர்களுக்கு இப்போது எம்மோடு கோபம் என்று மட்டும்தான் அப்பா சொன்னாராம்.